மம்சாபுரத்துக்குச் சாட்சி சொல்லப்போன நீதிபதி

இருளப்பன் இறந்துபோன செய்தி வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் சார்பு நீதிமன்ற வராந்தாவில், ஒரு பாகப்பிரிவினை வழக்கை எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி இருளப்பன் இன்று காலை ராஜபாளையத்தில் காலமானார் என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே கைகூப்பும் படங்கள் சில வந்தன. பிறகு ஓர் இளம் வழக்கறிஞர், "ஆணையத் தலைவர்தானே?" என்று கேட்டு ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டிருந்தார். அந்தச் சிரிப்பை ஆமோதித்து சிலர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். சற்று நேரத்தில் யாரோ ஒரு வாகன விற்பனை விளம்பரத்தை அனுப்ப, செய்தி மேலே போய் மறைந்துவிட்டது.

வாய்தா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ராஜபாளையம் முடங்கியார் சாலையில் இருக்கும் இருளப்பன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. சேத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு வேனில் வந்திருந்தார்கள். அரசாங்கத்தின் சார்பில் ஓர் அதிகாரி மலர்வளையம் வைத்துவிட்டு, போட்டோ எடுத்தவுடன் கிளம்பினார். அவன் மனைவி வசந்தா என்னைப் பார்த்ததும் அழவில்லை. வாசலைப் பார்த்தாள்.

"அண்ணே, கோர்ட்டுல இருந்து நீங்க மட்டுந்தான் வந்தியளா?"

"வருவாங்கம்மா. வேலை நாளுல்லா" என்றேன்.

சாயங்காலம் தூக்கும்வரை நான்கைந்து பேர் வந்தார்கள். எல்லாரும் என்னைப் போன்ற கிழவர்கள். அவன் மாவட்ட நீதிபதியாக இருந்தபோது அவன் கார் வளாகத்துக்குள் நுழைந்தால் சிகரெட்டைக் காலடியில் போட்டு நசுக்கிவிட்டு நின்ற வழக்கறிஞர்கள், பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறார்கள். யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவர்கள் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பொய்யும் இல்லை.

அவனைத் தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன். 'அவன்' என்று எழுதுவதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுரையில் சட்டம் படித்த நாளில் நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். அவன் சேத்தூர்க்காரன், அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான் ஸ்ரீவில்லிபுத்தூர், அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். எனக்கு அவன் 'ஏலே இருளப்பா'. அவனுக்கு நான் 'ஏலே தாசு'. அவன் தேர்வெழுதி நீதித்துறைக்குப் போனான். நான் வழக்கறிஞராகவே இருந்துவிட்டேன்.

பல ஊர் சுற்றி, மாவட்ட நீதிபதியாக அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்தான். எனக்கு ஒரே சந்தோஷம். முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் குடியிருப்புக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, குடித்து முடித்ததும் சொன்னான்:

"தாசு, நான் இங்க இருக்கிற வரைக்கும் இதுதான் கடைசிக் காப்பி. நீ என் கோர்ட்டுல ஆஜராகக் கூடாது. ஆஜரானா அந்த வழக்கை நான் வேற கோர்ட்டுக்கு அனுப்பிருவேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் நேர்மைக்கு என் வயித்துலயா அடிக்கணும்? எனக்குப் பாதி கேசு உன் கோர்ட்டுலதான்லே இருக்கு."

"உனக்கு இந்த ஊர்ல வேற கோர்ட்டும் இருக்கு. உன்னை எதுத்து நிக்கிறவனுக்கு நான் ஒரு ஜட்ஜுதான் இருக்கேன். அவன் வீட்டுக்குப் போயி, ஜட்ஜும் அந்த வக்கீலும் ஒரே தட்டுல தின்னவனுகன்னு நெனச்சுட்டுப் படுக்கக் கூடாது."

அவன் அங்கே இருந்த காலம் முழுக்க அப்படித்தான் நடந்துகொண்டான். தேரடியில் எதிரெதிரே வந்தால் ஒரு தலையசைப்பு. என் மகள் கல்யாணத்துக்கு வசந்தா மட்டும் வந்தாள், அதுவும் சாப்பிடாமல் போனாள். அப்போது வருத்தப்பட்டேன். இப்போது நினைத்தால், அவனைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லாமல் நான் நினைக்கக்கூடிய காலம் அது ஒன்றுதான்.

அந்தக் காலத்தில்தான் மம்சாபுரத்துப் பேச்சியம்மாள் என்னிடம் வந்தார். அவர் மகன் முத்துக்குமார், ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் காயத்துக்குக் கட்டும் துணி வெளுக்கிற ஓர் ஆலையில் வேலை பார்த்தான். கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்க இறங்கியவன், விஷவாயு தாக்கி, கூட இறங்கிய இன்னொருவனோடு சேர்ந்து செத்துப்போனான். முதலாளி மேல் வழக்குப் பதிவாகியிருந்தது. முதலாளியின் ஆட்கள் ஊருக்குள் சொன்ன கதை வேறு. இரண்டு பேரும் குடித்திருந்தார்கள், யார் சொல்லியும் கேட்காமல் தாங்களாகவே இறங்கினார்கள் என்று.

"எம்மவன் பீடி கூடக் குடிக்க மாட்டான்யா" என்றார் பேச்சியம்மாள். "செத்ததுகூட விதின்னு இருந்திருவேன். குடிச்சுச் செத்தான்னு சொல்லுதாகளே, அதைத் தாங்க முடியல."

வழக்கு இருளப்பன் முன்னால் இருந்ததால் நான் அதில் தலையிட முடியாது. அரசு வழக்கறிஞருக்கு உதவியாக வேறொருவரை ஏற்பாடு செய்துகொடுத்துவிட்டு, விசாரணை நாட்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஆலையின் மேற்பார்வையாளர் பிறழ்சாட்சி ஆனார். போலீஸில் சொன்னதை மாற்றி, "குடிச்சிருந்தாக சார், நாங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் இறங்கிட்டாக" என்றார். உடற்கூறு அறிக்கையிலும் அதைப் பற்றி உறுதியாக எதுவும் இல்லை. மதுரையிலிருந்து வந்திருந்த முதலாளியின் வழக்கறிஞர் நிம்மதியாக உட்கார்ந்தார். அப்போது இருளப்பன் சாட்சியைப் பார்த்துத் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை.

"தொட்டிக்கு மூடி இருக்கா?"

"இருக்கு சார்."

"பூட்டு?"

"இருக்கு."

"சாவி எங்க இருக்கும்?"

சாட்சி வழக்கறிஞரைப் பார்த்தார். "என்னையப் பாத்துச் சொல்லுங்க" என்றான் இருளப்பன்.

"முதலாளி ரூம்ல சார்."

"பூட்டு உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப தொட்டியைத் திறந்துவிட்டது யாரு?"

அந்த ஆள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் இல்லை என்று குறித்துக்கொள்ளச் சொன்னான் இருளப்பன்.

முதலாளிக்குத் தண்டனை கிடைத்தது. தீர்ப்பை வாசித்து முடித்ததும் அவன் நிமிர்ந்து, "பேச்சியம்மாள் வந்திருக்காங்களா?" என்று கேட்டான். அவர் பயந்துபோய் எழுந்தார்.

"அம்மா, உங்க மகன் குடிக்கல. இறங்கச் சொன்னாங்க, இறங்கினான். அதை நான் இதுல எழுதியிருக்கேன்."

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அவுக வாயால சொன்னது எழுத்துலயும் இருக்கா?"

"இருக்கும்மா."

"இனி எவனும் மாத்திச் சொல்ல முடியாதுல்லா?"

"முடியாது" என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

தீர்ப்பு எழுதுவதைப் பற்றி அவன் ஒரு கருத்து வைத்திருந்தான். "தோத்தவனை நெனச்சு எழுதணும்லே. ஜெயிச்சவன் கடைசி வரியை மட்டும் பாத்துட்டுப் போயிருவான். தோத்தவன்தான் உக்காந்து முழுசாப் படிப்பான்." அந்த முதலாளி முழுசாகப் படித்து மேல்முறையீடு செய்தார். தீர்ப்பு நின்றது. சிறைக்குப் போனார். இருளப்பனை மாநிலத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள். அது தண்டனையா, வழக்கமான மாற்றலா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டதற்கு, "பெட்டி கட்டத் தெரிஞ்சவன்தான் ஜட்ஜா இருக்க முடியும்" என்று மட்டும் சொன்னான்.

பின்னாளில் அவன் உயர் நீதிமன்ற நீதிபதியானபோது ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. உங்களில் பலர் அன்று வந்திருந்தீர்கள். மாலைகளும் பொன்னாடைகளும் முடிந்து அவன் பேசினான். பதவி முடிந்ததும் அரசாங்கம் தரும் வேலைக்காகக் காத்திருக்கும் நீதிபதிகளைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நான் ஓய்வு பெற்ற மறுநாள் நம்ம ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். அன்னைக்கு எனக்கு யாராவது அரசாங்கக் கார் அனுப்பினா, நீங்க என் பழைய தீர்ப்பையெல்லாம் எடுத்து இன்னொரு தடவை சந்தேகத்தோட படிங்க."

கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நானும் தட்டினேன்.

அவன் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, வேறொரு மாவட்டத்தில் தொழிற்பேட்டைக்காக விவசாய நிலங்களை அரசாங்கம் எடுத்த வழக்கு அவன் தலைமையிலான அமர்வுக்கு வந்தது. விவசாயிகள் தோற்றார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்தேன். சட்டப்படி அதில் ஓட்டை இல்லை. வேறு மாதிரி எழுதியிருந்தாலும் ஓட்டை இருந்திருக்காது. அப்படிப்பட்ட வழக்கு அது. அவன் ஓய்வு பெற்றான். வேட்டி கட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்தான். ஆறு மாதம் ஆவதற்குள் அதே அரசாங்கம் அவனை ஓர் ஆணையத்துக்குத் தலைவராகப் போட்டது. செய்தித்தாளில் பார்த்துவிட்டு, அவன் மறுத்துவிடுவான் என்று எங்கள் நூலக அறையில் ஒரு கூட்டத்தின் நடுவே அடித்துச் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் போன் செய்தேன்.

"ஆமாலே. ஒத்துக்கிட்டேன்."

"ஏன்லே?"

யாராவது மிரட்டினார்களா, வீட்டில் ஏதும் கஷ்டமா என்றெல்லாம் கேட்டேன். நான் அவனுக்கு ஒரு நல்ல காரணத்தை எடுத்துக்கொடுக்கப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒரு கஷ்டமும் இல்லலே. நான் உள்ள நுழைஞ்சா எந்திரிச்சு நிக்கிறதுக்கு ஆள் இல்லாம இருக்கப் பழகல. காய்கறிக் கடையில என்னைய ஒருத்தன் 'பெருசு, தள்ளி நில்லு'ன்னு சொன்னான். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியல. இவ்வளவுதான். நீ திட்டணும்னா திட்டு."

நான் திட்டவில்லை. போனை வைத்தேன். மண்டபத்தில் அவன் பேசியதை யாரோ அன்று கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தார்கள். அது ஒரு வாரத்துக்குள் மாநிலம் முழுக்கச் சுற்றியது. அவன் எந்த ஆணையத்துக்குத் தலைவர், அங்கே என்ன செய்தான் என்று இன்று யாரிடம் கேட்டாலும் தெரியாது. அந்தக் காணொளி மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

பதவி முடிந்து அவன் மறுபடியும் ராஜபாளையம் வந்து சேர்ந்த வருடம், பேச்சியம்மாள் ஒருநாள் காலையில் என் அலுவலகத்துக்கு வந்தார். வயதாகிவிட்டது. முதுகு வளைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். அந்த ஜட்ஜய்யா காசு வாங்கிட்டுத்தான் நம்ம கேசுல தீர்ப்பு சொன்னாகளா?"

முதலாளி தண்டனை முடிந்து எப்போதோ வெளியே வந்துவிட்டார். கோவில் கொடைக்கு அன்னதானம் போடுகிறார். அவருடைய ஆட்கள் இப்போது ஊருக்குள் சொல்வது இதுதான்: சர்க்காரிடம் பதவிக்கு விலைபோனவன், அன்றைக்கு எதிர்ப்பக்கத்துக்காரனிடம் விலைபோகாமலா இருந்திருப்பான்? தொழில் போட்டியில் எவனோ காசு கொடுத்து முதலாளியை உள்ளே தள்ளினான். செத்தவர்கள் குடித்துச் செத்தவர்கள்தான்.

"பேரனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல சொல்லுதாகய்யா. குடிகாரக் குடும்பமாம்லான்னு. நான் அந்தத் தீர்ப்பைச் சொன்னேன். 'எந்த ஜட்ஜு? அந்த ஜட்ஜா?'ன்னு சிரிக்காக."

அவரை அழைத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இருளப்பன் வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. நான் சொன்னதும் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டான். பேச்சியம்மாள் உட்காராமலேயே, என்னிடம் கேட்டதை அவனிடமும் அப்படியே கேட்டார். வசந்தா உள்ளே போய்விட்டாள்.

"இல்லம்மா" என்றான். "நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கல. உங்க மகன் குடிக்கல."

"நீங்க சொன்னா நான் நம்புதேன்யா. நான் போயி ஊருக்குள்ள சொன்னா எவன் நம்புவான்?"

இருளப்பன் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். "தாசு, என் காரை எடு. மம்சாபுரம் போவோம்."

தடுத்தேன். "நீ அங்க போயி என்னத்தைச் சொல்லப்போறே? ஒரு ஹைகோர்ட் ஜட்ஜு டீக்கடையில நின்னு நான் காசு வாங்கலன்னு சொல்லணுமா?"

"ஒரு தடவை நான் கூண்டுல ஏறிப் பாக்கேன்லே" என்றான்.

மம்சாபுரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டீக்கடையில் பத்துப் பேர்போல இருந்தார்கள். தோட்ட வேலை முடிந்து வந்தவர்கள், பைக்கைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தவர்கள். பேச்சியம்மாள் ஓரமாக நின்றார். இருளப்பன் தன் பெயரைச் சொன்னான். இன்ன வழக்கில் தீர்ப்பு எழுதியவன் என்றான். முத்துக்குமார் குடித்துவிட்டு இறங்கவில்லை, அது சாட்சியத்தில் நிரூபணமானது, தான் யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை என்றான். நீதிமன்றத்தில் பேசுவதுபோலவே, ஒவ்வொன்றாக, நிறுத்தி.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதுதான் கொடுமை. ஒருவர்கூட மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "உக்காருங்கய்யா, டீ சாப்பிடுங்க" என்றார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நடுவயதுக்காரர், நல்லவர்தான், கைகட்டிக்கொண்டு கேட்டார்:

"ஐயா, தப்பா நெனைக்காதீக. ஒரு சந்தேகம். அந்த நெலத்துக் கேசுல நீங்க சர்க்காருக்குத்தான தீர்ப்பு சொன்னீக?"

"ஆமா."

"அதுக்குப் பொறவுதான சர்க்கார் உங்களுக்குப் பதவி குடுத்துச்சு?"

"ஆமா."

"காரும் குடுத்தாகல்லா?"

"குடுத்தாங்க."

"சரிங்கய்யா" என்றார் அவர். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். டீ ஆறுது, சாப்பிடுங்க."

மற்றவர்களும் "ஆமாய்யா, சரிதான்யா" என்றார்கள். இருளப்பன் டீயை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனுடைய வாழ்க்கை முழுக்க அவன் சாட்சிகளைக் கேட்டவன். தான் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை, அதைத் தன் முகத்துக்கு நேரே சொல்ல மரியாதை தடுக்கிறது, அவ்வளவுதான் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. டீயை வாயில் வைக்காமலே டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பேச்சியம்மாள்தான் வந்து அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "போதும்யா. கெளம்புங்க. எம்மவன் குடிக்கலன்னு எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியணும்னு ஆசைப்பட்டேன், அம்புட்டுத்தான்."

திரும்பும்போது ஊரைத் தாண்டினோம். மேற்கே மலை வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. பிறகு கேட்டான்: "நீ என்னைய நம்புதியாலே?"

"முத்துக்குமார் கேசுல சத்தியமா நம்புதேன்."

"மத்ததுல?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அதுவரை கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "நீ சொல்லு. அந்த நெலத்துத் தீர்ப்பை எழுதும்போது பதவி மனசுல இருந்துச்சா?"

"யாரும் எங்கிட்டப் பேசல தாசு. ஒரு வார்த்தை பேசல. சட்டம் அந்தப் பக்கமும் இருந்துச்சு, இந்தப் பக்கமும் இருந்துச்சு. நான் ஒரு பக்கம் சாஞ்சேன். எதுனால சாஞ்சேன்னு நெதமும் யோசிக்கேன். பதவியை நெனைக்கவே இல்லன்னு உங்கிட்டச் சத்தியம் பண்ண வாய் வரமாட்டேங்கு. நெனைச்சேன்னும் சொல்ல முடியல. எனக்கே தெரியலலே."

நான் அவனுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். அந்த விவசாயிகளில் யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து அவன் தீர்ப்பை முழுசாகப் படித்துக்கொண்டிருப்பான் என்ற எண்ணம்தான் எனக்கு வந்தது. வண்டியை எடுத்தேன்.

அதன் பிறகு அவன் வெளியே வருவது குறைந்தது. சிறுநீரகம் பழுதாகி மதுரைக்கும் ராஜபாளையத்துக்குமாக அலைந்தான். கடைசியாக அவனைப் பார்த்தது ஒரு மத்தியானம். டிவியில் நீதித்துறையின் சுதந்திரத்தைப் பற்றி நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆளும் தரப்புக்குப் பிடிக்காத உத்தரவு ஒன்றைப் போட்ட ஒரு பெண் நீதிபதியை, உத்தரவின் மை காய்வதற்குள் தூரத்துக்கு மாற்றியிருந்தார்கள். இருளப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். நெடுநாளைக்குப் பிறகு அவன் குரலில் பழைய அழுத்தம் இருந்தது.

"இது அநியாயம்லே. அந்தப் பொண்ணு உத்தரவை நான் படிச்சேன். ஒரு சொல் தப்பில்ல. ஓய்வு பெற்ற ஜட்ஜுக யாராவது வாயைத் திறந்து பேசணும். நான் பேசுதேன். பத்திரிகைக்காரன் எவனையாவது கூப்பிடு."

நான் கைப்பேசியை எடுத்து எண்ணைத் தேடினேன். அதற்குள் அவன் கை என் கையின் மேல் வந்து விழுந்தது.

"வேண்டாம்."

"ஏன்?"

"நான் ஆதரிச்சா அந்தப் பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு. 'இவனே சொல்லிட்டானா'ன்னு சிரிப்பானுக. அவளாவது சுத்தமா இருக்கட்டும்."

படுத்துக்கொண்டு டிவியை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். நான் கிளம்பும்போது அவன் கண்ணை மூடியிருந்தான், தூங்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் எங்கள் வழக்கறிஞர்கள் மத்தியில் இரங்கல் தீர்மானம் போடலாமா என்று பேச்சு வந்தது. சிலர் வேண்டாம் என்றார்கள். சிலர் இறந்தவர்களைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்றார்கள். நான் எழுந்து தொட்டியின் சாவியைப் பற்றி அவன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். என் மகள் கல்யாணத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். முடித்ததும் ஓர் இளைஞர், "சார், அதெல்லாம் சரி. நீங்க அவரோட ஃப்ரெண்டு" என்றார். உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிட மௌனத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த நிமிடமும் முழுசாக ஓடவில்லை, பாதியில் ஒருவர் வழக்குக் கூப்பிட்டுவிட்டது என்று வெளியே போனார்.

மம்சாபுரம் போய்ப் பேச்சியம்மாளிடம் நானே சொன்னேன். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஐயோ" என்று ஒரு சொல். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நெறைய பேரு வந்தாகளா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. கொஞ்சப் பேருதான்."

"எம்மவனுக்கும் கொஞ்சப் பேருதான் வந்தாக" என்றார். "குடிச்சுச் செத்தவன் வீட்டுக்கு எதுக்குப் போகணும்னு."

அவனை நேர்மையானவன் என்று எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதியும் அந்தச் சொல்லை என்னால் போட முடியவில்லை. அதற்கு எதிரான சொல்லையும் போட முடியவில்லை. அவனே தன் வழக்கில் தீர்ப்புச் சொல்ல முடியாமல் போனான், நான் எப்படிச் சொல்வேன்? எனக்கென்று அவன் விட்டுப்போனது ஒரு பயம். ஒரு மனிதனை யாரும் மிரட்ட வேண்டாம், யாரும் காசு நீட்ட வேண்டாம், நல்லவனாகவே இருந்து ஒரே ஒரு முறை ஆசைப்பட்டால் போதும், அவனை நம்பியிருந்த செத்தவர்களின் பேரும் அவனோடு சேர்ந்து அழியும் என்ற பயம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் நாளைக்கும் நான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். பாகப்பிரிவினை வழக்கில் வாதம் இருக்கிறது.